குப்புறப் படுத்தவருக்கு ஒரு நாவல்

…ஆனால் ஒரே ஒரு அத்தியாயம்தானே பாக்கி, கடைசி அத்தியாயம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தால் ஒரு பிஸ்கட் கனம்கூட வராது, அதை ஒரு மதியத்தில் முடிக்க முடியாதா என்ன, முடித்துவிடலாம், கண்டிப்பாக முடித்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஷட்டரைக் கீழே இழுக்கும்போதே அவள் மனசு பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உடம்புதான் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாளா? திருப்பினாள். ரத்தக் குழாய்கள் வைத்த குளிர்பெட்டியை அடைத்தாளா? அடைத்தாள், இரண்டு தடவை பார்த்தாள். கைப்பையில் கண்ணாடி இருக்கிறது, குடை இருக்கிறது, புத்தகம்… ஐயோ புத்தகம், இல்லை, அது வீட்டில்தான், மாமனாரின் கட்டிலுக்கு அடியில், பத்திரமாக. சாயங்காலம் சபையின் பின்பக்க ஹாலில் கூட்டம், மாதக் கடைசிக் கூட்டம், ஒவ்வொருவராக எழுந்து நின்று இந்த மாதம் என்ன படித்தோம் என்று சொல்ல வேண்டும், சொன்னதும் சுவரில் தொங்கும் பெரிய அட்டையில் அவரவர் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுகிற அதே மினுமினுப்பு நட்சத்திரம், அதற்காக நாற்பது தாண்டிய ஒருத்தி, ஊசி குத்தினால் வலிக்காத கை என்று பெயர் வாங்கிய லேப் டெக்னீஷியன், மத்தியான வெயிலில் செருப்புத் தேய ஓடுவாளா என்று கேட்டால், ஓடுவாள், இதோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, தன்னை நினைத்து. எதிரே வந்த காய்கறிக்காரர்கூட என்னம்மா லாட்டரி அடிச்ச மாதிரி போறீங்க என்று கேட்டுவிட்டார். லாட்டரிதான், அதைவிடப் பெரிசு. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே வாசிப்புச் சவாலில் சேர்ந்து, ஜனவரியில் பொங்கிப் பெருகி, மார்ச் வருவதற்குள் வற்றிப்போன ஆள் அவள், அட்டையில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு நட்சத்திரமும் அப்புறம் ஒரே வெள்ளையுமாக வருஷம் முழுக்க மானத்தை வாங்கியது. இந்த வருஷம் ஒரு கட்டம்கூட விடவில்லை. இது ஒன்று விழுந்துவிட்டால் மீதி இரண்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம். சபைக்கு வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீசியன் அண்ணன்தான் இந்த வாசிப்புச் சவாலுக்கு எல்லாமே, புத்தக அலமாரியின் சாவி எப்படியோ அவர் கைக்குப் போய்விட்டது, அன்றிலிருந்து பாஸ்டரே அவரிடம் கேட்டுத்தான் புத்தகம் எடுக்கிறார். மாதத்துக்கு ஒரு விதி போடுவார். பாதியில் விட்ட புத்தகத்தை முடி, உன் வயசைவிட மூத்த புத்தகம் ஒன்று படி, நீ ஒத்துக்கொள்ளாத ஆள் எழுதினதைப் படி, ஜெபத்தைப் பற்றி ஒன்று படி… அது பிப்ரவரியில், இரண்டே நாளில் முடித்தாள், நீல அட்டை, உள்ளே என்ன இருந்தது? நீல அட்டை. சரி, அது போகட்டும். இந்த மாதம் மட்டும் விதிக்கு வெளியே மூன்று புத்தகம் முடித்திருக்கிறாளே, கொள்ளைநோய்க் காலத்தில் ஓடிப்போகாமல் நின்ற ஒரு நர்ஸின் வாழ்க்கை வரலாறு, கோபக்காரத் தீர்க்கதரிசி ஒருவரைப் பற்றிய சன்னமான விளக்கவுரை, அப்புறம் ஒரு துப்பறியும் நாவல், அதைக் கூட்டத்தில் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, கொலைகாரன் கடைசியில் மனம் திரும்புகிறான், அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். ரத்தத்தைச் சுழலவிட்டு இயந்திரம் நிற்கிறவரை நான்கு பக்கம், பஸ்ஸில் ஆறு பக்கம், குக்கர் விசில் அடிக்கிறவரை இரண்டு பக்கம், இப்படித் திருடித் திருடிச் சேர்த்த வாசிப்பு. எக்ஸ்பிரஸ் அக்கா கேட்டால் சிரிப்பாள். எக்ஸ்பிரஸ் அக்கா மாதத்துக்குப் பன்னிரண்டு புத்தகம் முடிக்கிறவள், பாதி ஒலிப்புத்தகம், அதுவும் இரட்டை வேகத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாளாம். காதால் கேட்டது படித்த கணக்கில் சேருமா என்று அதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது, அந்தக் காலத்துல எல்லாரும் காதால கேட்டுத்தானே விசுவாசிச்சாங்க என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள், எலக்ட்ரீசியன் அண்ணனே எழுந்து போய் அக்காவுக்கு நட்சத்திரத்தை ஒட்டினார்.

அந்தச் சண்டையிலிருந்துதான் இந்த மாத விதி பிறந்தது, பழி வாங்குகிற மாதிரி. ஒரு முழுப் புத்தகத்தை இன்னொருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல்கூட விடாமல். கேட்பவர் தூங்கக் கூடாது. கேட்டவருக்கு நான் போன் போட்டுக் கதை என்னன்னு கேப்பேன், ஏமாத்தலாம்னு பாக்காதீங்க என்று அண்ணன் டெஸ்டரை ஆட்டிக்கொண்டே சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் யாருக்கு, யாருக்கு, யாருக்கு என்று மனசுக்குள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியூரில் விடுதியில், போனில் ஆரம்பித்தால் அம்மா எனக்கு நாளைக்குப் பரீட்சை என்பாள், வருஷம் முழுக்க நாளைக்குப் பரீட்சைதான் அவளுக்கு. கணவனுக்கு வாசித்துப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக், நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எழுந்து வருகிற மனுஷன், இரண்டாம் பாராவிலேயே வாயைப் பிளந்துவிட்டான், எழுப்பிக் கேட்டால், உன் குரல் நல்ல கம்ப்ரசர் மாதிரி இருக்குடி, ஓட ஆரம்பிச்சா கண்ணு சொக்குது, இது பாராட்டுதான், முறைக்காதே என்றான். பாராட்டாம். தலையணையால் ஒன்று போட்டாள். ஒன்பது மாதமாகக் கட்டிய கோட்டை பத்தாவது மாதத்தில் சரியப் போகிறதே என்று அவள் புலம்பிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் மாமாவின் கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது.

மாமனாரின் கஷ்டத்தில் நட்சத்திரம் தேடினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, ஆனால் தேடினாள்தான், என்ன செய்வது. கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது, ஆபரேஷன் செய்து ஒட்டவைத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழி விட்டிருக்கிறோம், அந்தக் குமிழி பின்பக்கமாக நின்று அழுத்த வேண்டும், அதனால் இரண்டு வாரத்துக்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மாமா, அப்ப நான் தரையைப் பாத்துக்கிட்டே கெடக்கணுமா, தரையில என்ன படமா ஓடுது என்றார். கணவன் கெட்டியான ஃபோமில் முகம் போகிற அளவுக்கு ஓட்டை வெட்டிக் கட்டிலின் தலைமாட்டில் பொருத்திக் கொடுத்தான். டிவி இல்லை, பேப்பர் இல்லை, ஜன்னலும் இல்லை. பஸ் கண்டக்டராக ஆயுசு முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றே பழகிய மனுஷர், நாள் பூராவும் முகம் பார்த்துப் பேசியே பழகியவர், முகத்தை ஓட்டைக்குள் விட்டுக்கொண்டு கிடந்தார். ஓட முடியாத ஆள், புரண்டுவிடுவோமோ என்று தூங்கப் பயப்படுகிற ஆள், வேறு வேலையே இல்லாத ஆள்! பக்கத்தில் தரையில் பாயைப் போட்டுக்கொண்டு, மாமா ஒரு கதை வாசிக்கட்டுமா என்று கேட்டது அவளுக்கே புதுசாக இருந்தது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் தொடர்ந்து பேசியது எல்லாம் சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா, லைட்டை அணைக்கவா, அவ்வளவுதான், மீதிப் பேச்செல்லாம் அத்தை இருந்தவரை அத்தை வழியாகத்தான் போய் வந்தது. அப்புறம் ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது, எங்க போற வண்டி? துறைமுகத்துக்கு மாமா. சரி, எடு, ரைட்.

கதை இதுதான். துறைமுக ஊரில் ஒரு விதவை. கரை விளக்கை ஏற்ற வேண்டியவன் ஒரு ராத்திரி அசந்து தூங்கிவிட, பாறையில் மோதி அவள் புருஷனின் படகு போய்விடுகிறது. விளக்குக்காரன் வேறு எங்கோ இல்லை, அவள் வீட்டுக்கு எதிர் வீடு. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அவன் முகம். அவள் ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறாள். இதைச் சபை அலமாரியிலிருந்து எடுக்கும்போது அட்டைப் படத்தில் அலை நன்றாக இருக்கிறதே என்றுதான் எடுத்தாள், ஆனால் வாசிக்க வாசிக்க, அதுவும் வாய்விட்டு வாசிக்க வாசிக்க, என்ன இது, கண்ணால் படிக்கிறபோது விழுங்குகிறோம், வாயால் படிக்கிறபோது மெல்ல வேண்டியிருக்கிறதே! ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் கொடுக்க ஆரம்பித்தாள், விளக்குக்காரனுக்குக் கட்டைக் குரல், விதவையின் நாத்தனாருக்கு மூக்கால். நாத்தனார் வந்தாலே மாமாவின் முதுகு குலுங்கும். அந்தப் பொம்பளையை அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடும்மா, வண்டி தாங்காது என்பார். விளக்குக்காரன் வந்தால் மட்டும் முதுகு அசையாது. அவன் இன்னைக்கும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னானா? நின்னான் மாமா. மழையிலயா? மழையிலதான். உம். அந்த ‘உம்’மை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அடுத்த பாராவுக்குப் போய்விடுவாள். நேற்று வேலையிலிருந்து வர நேரமானபோது கணவனிடம் மூன்று தடவை கேட்டாராம், உன் பொண்டாட்டி வந்தாச்சா, அந்தப் படகுக்காரன் பொண்டாட்டிக்கு ஜுரம் வேற. கணவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எங்கப்பா உன்னைத் தேடுறாரு, இதை நான் கல்யாண ஆல்பத்துலகூடப் பாக்கலை.

ஒரே ஒரு விஷயம். அதை நினைக்கிறபோது மட்டும் ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தது. சரி, ஒரு சொல்கூட விடாமல் என்பது விதி, ஆனால் விதி போட்டவருக்கு இந்த வீட்டைத் தெரியுமா? அந்த விதவை நாவல் நெடுக ஜெபம் செய்கிறாள். வலை பின்னும்போது, தண்ணீர் சுமக்கும்போது, பலகை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் இருட்டில் மண்டியிட்டு, ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம், சாய்வெழுத்தில். முதல் ஜெபம் வந்த அன்றைக்கு, ஆண்டவரே என்ற முதல் சொல்லைப் பார்த்ததுமே அவள் விரல் தானாகத் தாளைப் புரட்டிவிட்டது. வேறென்ன செய்வாள்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையே திரண்டு வந்து வராந்தாவில் ஜெபித்தது, எழுந்து வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், மறுநாள் விடியும்போது அத்தை இல்லை. அடக்கம் முடிந்து ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டரை மாமா வாசலிலேயே நிறுத்தினார். சாப்பிட வர்றதா இருந்தா எப்ப வேணாலும் வாங்க, ஜெபம் பண்ண வர்றதா இருந்தா இந்தப் படி ஏற வேண்டாம் என்றார், கோபமாகக்கூட இல்லை, டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிடுகிற குரலில். அன்றிலிருந்து அவர் சபைக்கு வரவில்லை, வீட்டிலும் யாரும் வாய்திறந்து ஜெபிப்பதில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் அவளும் கணவனும் தட்டைப் பார்த்து ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார்கள், தூசி விழுந்த மாதிரி. அப்படிப்பட்டவரிடம் போய், குப்புறக் கிடக்கிறவரிடம், எழுந்து போகக்கூட முடியாதவரிடம் அந்த ஜெபங்களை வாசிப்பதா? அது அக்கிரமம் இல்லையா? அவருக்காகத்தான் தாண்டினாள். கதைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அண்ணன் போன் செய்து ஜெபத்தையா கேட்கப் போகிறார், கதையைத்தானே கேட்பார்… இருந்தாலும் நட்சத்திரத்தை ஒட்டும்போது உள்ளே ஏதாவது குத்துமா? குத்தாது. குத்தினாலும் சின்னக் குத்து, தன் ஊசி மாதிரி, தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் சிங்க்கில் கை கழுவிக்கொண்டிருந்தான், முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு. வந்துட்டாங்க வாத்தியாரம்மா, பெரியவரு காலைல இருந்து கதவையே பாத்துட்டு இருக்காரு, அதாவது காதால என்றான். சாப்பிட்டாச்சா அவர்? ஆச்சு, நீ முதல்ல சாப்பிடு, புத்தகம் ஓடிப்போகாது, ஒரு நட்சத்திரத்துக்காகப் பட்டினி கிடந்தேன்னு நாளைக்கு என் மேல எழுதாதே, வேணும்னா நானே ஒரு பாக்கெட் வாங்கித் தரேன், நெத்தியிலயே ஒட்டிக்கோ. போய்யா என்று தோளால் இடித்துவிட்டு நின்றபடியே நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். கையில் தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, அவ்வளவுதான், உள்ளே போய்ப் பாயை விரித்தபோது இதயம் பரீட்சை எழுதப் போகிற மாதிரி அடித்தது, கடைசி அத்தியாயம், இன்றைக்குத் தெரிந்துவிடும், அந்த ஜன்னல் திறக்குமா திறக்காதா. அவளும் முன்கூட்டிப் பார்க்கவில்லை, அவருக்குத் தெரியாதது தனக்கும் தெரியக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். கட்டிலின் ஓரத்தில் மாமாவின் கை தொங்கிக்கொண்டிருந்தது, விரல்கள் மட்டும் தரைக்குச் சற்று மேலே. ஏறிட்டியா? ஏறிட்டேன் மாமா. ரைட்.

விளக்குக்காரன் நோயில் படுத்திருக்கிறான், ஊரில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, வெளியே பனி. விதவை பெட்டியைத் திறக்கிறாள், புருஷனின் கம்பளியை எடுக்கிறாள், தெருவைக் கடக்கிறாள். ஐயோ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள், அந்தத் தெருவின் அகலம் ஒரு கடல் மாதிரி என்று… குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, பனியில் கால் வைக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போனாள், அவளுக்கே உடம்பு சிலிர்த்தது, அவன் கதவில் அவள் கை வைக்கப் போகிற இடத்தில்,

"நிறுத்து" என்றார் மாமா.

"என்ன மாமா, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. இவ எப்ப இறங்கி வந்தா?"

"எதுல இருந்து?"

"கோவத்துல இருந்துதான். நேத்து வரைக்கும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னு பலகை அடிச்சுட்டு உக்காந்திருந்தா. இன்னைக்கு கம்பளியும் கையுமா தெருவைத் தாண்டுறா. நடுவுல ஒரு ஸ்டாப் இருந்திருக்கணுமே. நிக்காம வந்துட்டியா?"

செம்பைக் கையில் எடுத்தாள். குடிக்காமலே கீழே வைத்தாள். "எழுதினவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க மாமா, சட்டுனு மனசு மாறிடுச்சு போல" என்று சொன்னாள், சொல்லும்போதே காது சுட்டது, சபை அலமாரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுப் பொய்.

"அம்மாடி" என்றது ஓட்டைக்குள்ளிருந்து குரல், சிரிப்பா இருமலா தெரியவில்லை. "ஆயுசு பூரா டிக்கெட் கிழிச்சவன் நான். ரெண்டு தாள் சேர்ந்து வந்தா சத்தமே வேற. முதல் தடவை ஏதோ ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். அப்புறமும் அப்பப்ப புரளுது."

"அப்பவே கேட்டிருக்கலாமே மாமா!"

"நீ குஷியா படிச்சுட்டு இருந்த. மூக்கால எல்லாம் பேசின. எதுக்கு கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அப்படியானால் இத்தனை நாளும் தெரிந்தே கிடந்தாரா, ஒவ்வொரு தடவை அவள் விரல் எச்சில் தொட்டு இரண்டு தாளாகப் புரட்டும்போதும் அந்த முதுகு கேட்டுக்கொண்டே இருந்ததா… அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, நட்சத்திரம் போச்சு என்றும் தோன்றியது, ஏன் போக வேண்டும், இப்போது திரும்பிப் போய் விட்டதையெல்லாம் வாசித்துவிட்டால் ஒரு சொல்கூட விடாமல் வாசித்த கணக்குத்தானே என்றும் அதே மூச்சில் தோன்றியது, என்ன மனசு இது, எந்த நேரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. "ஜெபம் மாமா" என்றாள் மெல்ல. "அந்தம்மா ஜெபம் பண்ற இடமெல்லாம்தான் தாண்டினேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு…" தொங்கிக்கொண்டிருந்த விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. நல்லவேளை முகம் தெரியவில்லை, முகம் தெரிந்திருந்தால் இந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. வெளியே கணவன் எதையோ உருட்டினான், ஸ்பேனர் விழுந்து உருண்டது.

"அந்தம்மா தானே பண்ணுது" என்றார் கடைசியில். "நீயா பண்ற? படி."

முதல் ஜெபத்தைத் தேடி எடுத்தாள். வலை பின்னுகிற ஜெபம். மளமளவென்று, ஹீமோகுளோபின் இவ்வளவு சர்க்கரை இவ்வளவு என்று டாக்டருக்குப் போனில் ஒப்பிப்பாளே, அந்த வேகத்தில் ஓட்டினாள், இது ரிப்போர்ட் இல்லம்மா, மெதுவா போ, ஆள் ஏறுது இறங்குது என்றார் மாமா. இரண்டாவதை மெதுவாக வாசித்தாள். மூன்றாவதில் நாக்கு குழறியது, நல்ல எளிய தமிழ்தான், ஆனால் ஏன் இப்படித் தடுக்கித் தடுக்கி… ஜெபம் என்று வந்தாலே கண் வழுக்கிக்கொண்டு போகிறது, இந்தப் புத்தகத்தில் மட்டுமா? அந்த நர்ஸின் வாழ்க்கை வரலாற்றிலும் ராத்திரி ஜெபங்கள் வந்தனவே, அவற்றைப் படித்தாளா? படிக்கவில்லை. அப்போது பக்கத்தில் மாமா இல்லையே, பஸ்தானே, ஜன்னலோரம்தானே. தீர்க்கதரிசி புத்தகத்தில் ஒவ்வொரு பகுதி முடிவிலும் கட்டம் கட்டி ஒன்று இருந்ததே? தாண்டினாள். பிப்ரவரியில் அந்த நீல அட்டை… இத்தனை நட்சத்திரம், இத்தனை பக்கம், ஒரு வருஷமாக ஆண்டவரைப் பற்றி ஓடி ஓடிப் படித்துவிட்டு அவரோடு பேசுகிற இடம் வந்தால் மட்டும் அவசரமாகத் தாளைப் புரட்டிக்கொண்டு… நினைப்பை முடிக்கவில்லை. கடைசி ஜெபம் வந்துவிட்டது. கம்பளிக்கு முந்தின ராத்திரி. என்ன இன்னும் கிளம்பலையா, கூட்டத்துக்கு நேரமாச்சு என்று கணவன் ஹாலிலிருந்து கூப்பிட்டான், வரேன் என்றாள், எழுந்திருக்கவில்லை.

ஆண்டவரே, நான் கேட்டதை நீர் தரவில்லை, என்று வாசித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவர் என்று உம்மைப் பற்றிச் சொன்னார்கள், நானும் சொன்னேன், ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கு விளக்குக்காரன் மேல் கோபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் அவன் தூங்கினான், மனுஷன், நீர் தூங்காதவர் ஆயிற்றே. உமக்குக் கொடுக்க என்னிடம் இந்தக் கோபத்தைத் தவிர ஒன்றும் இல்லை, இதை வாங்கிக்கொள்ளும், என் கை வலிக்கிறது. நான் எல்லோருக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னேனே, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இந்த வாரமே எழுந்து வீட்டுக்கு வருவாங்கன்னு சொன்னேனே, ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க என் சத்தம்தானே கேட்டுது, என்னை நம்பித்தானே அவர் வெளியில போய் ஒரு டீ குடிச்சுட்டு வரேன்னு போனாரு, அந்த நேரத்துல ஏன், அந்தக் கொஞ்ச நேரத்துல, அப்புறம் நான் எந்த வாயால உம்மகிட்ட…

அவளே நிறுத்தினாள். ஏன் நிறுத்தினோம் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறி வந்த மாதிரி. ஆனால் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம், ஏதோ நல்ல செய்தி வரப்போகிற மாதிரி உள்ளங்கை குறுகுறுத்தது. ஹாலில் சத்தமே இல்லை, ஸ்பேனரும் உருளவில்லை, கதவருகில் கணவனின் நிழல் நின்றதோ என்னவோ.

"அம்மாடி."

"சொல்லுங்க மாமா."

"இந்தக் கதையில ஆஸ்பத்திரி எங்க வந்துச்சு? அவ புருஷன் கடல்லல்ல போனான்."

குனிந்து பார்த்தாள். சாய்வெழுத்து பக்கத்தின் பாதியிலேயே முடிந்திருந்தது, கை வலிக்கிறது என்ற இடத்தில், அதற்குக் கீழே வெறும் தாள், அவள் விரல் அந்த வெள்ளையின் நடுவில் இருந்தது. எப்போது அங்கே வந்தது? "நான்… வேற என்ன மாமா சொன்னேன்?" என்று கேட்டாள், கேட்கும்போது குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"நீ சொன்னது உனக்கே தெரியலையா?" என்றார் மாமா. குரலில் கண்டக்டர் இல்லை, கேலி இல்லை. தொங்கிய கை தரையில் எதையோ தேடுகிற மாதிரி துழாவி, அவள் முழங்காலில் பட்டு, அங்கேயே நின்றது. "நான் டீ குடிக்கப் போனதைப் பத்தி யாருமே என்கிட்ட பேசினதில்ல, இத்தனை நாள்ல."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நரம்பு புடைத்த கை, லேபில் என்றால் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடலாம். கிளம்ப வேண்டும், கூட்டம் ஆரம்பித்திருக்கும், எலக்ட்ரீசியன் அண்ணன் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருப்பார், விளக்குக்காரன் கதவுக்கு வெளியே விதவை இன்னும் பனியில் கம்பளியோடு நின்றுகொண்டிருக்கிறாள், உள்ளே போனாளா இல்லையா என்று தெரியாது, எல்லாம் நினைவில்தான் இருந்தது, ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த வீட்டில் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தியது மாமா ஒருவர்தான் என்றல்லவா இத்தனை நாளும் அவள்…